நேர்வரிசை ஆறு சிலிண்டருக்கு அலுமினியப் புல்லி போடலாமா?

கேள்வி, 3 பிப்ரவரி 2023

"1990-ஆம் ஆண்டு நிசான் ஸ்கைலைன் ஆர்32 ஜிடி-ஆர் கார் வாங்கியிருக்கிறேன். கிராங்க் புல்லியில், அதாவது என்ஜினின் சுழல்தண்டு (கிராங்க்) முன்முனையில் பெல்ட்டைச் சுழற்றும் சக்கரத்தில், இருக்கும் ரப்பர் வெடித்துப் பிதுங்கி நிற்கிறது. ஒரே துண்டு அலுமினியத்தில் கடைந்த புல்லியைப் போடச் சொல்கிறார் நண்பர். மூன்று கிலோ ஒரு கிலோ ஆகிவிடுமாம், என்ஜின் சட்டென்று சுற்று ஏறுமாம். நேர்வரிசை ஆறு சிலிண்டர் இயல்பிலேயே சமநிலை உள்ளது, அதற்கு அந்த ரப்பர் வளையம் தேவையே இல்லை என்கிறார். உண்மையா?"

3 பிப்ரவரி, இரவு

போடாதீர்கள். காரணத்தை நாளை விரிவாக எழுதுகிறேன். அதுவரை அந்தக் காரை நிமிடத்துக்கு 4000 சுற்றுக்கு மேல் விரட்ட வேண்டாம். ரப்பர் பிதுங்கிய புல்லியின் வெளி வளையம் ஓட்டத்தில் கழன்று முன்னால் நகர்ந்தால், பெல்ட், விசிறி, ரேடியேட்டர் மூன்றையும் சேர்த்து இழந்துவிடுவீர்கள்.

4 பிப்ரவரி

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி உண்மை. நேர்வரிசை ஆறு சிலிண்டரில் பிஸ்டன்கள் ஏறி இறங்கும் விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்கின்றன. என்ஜின் மேலும் கீழும் குலுங்குவதில்லை. உங்கள் காரில் இருக்கும் ஆர்பி26 என்ஜினின் மேல் நாணயத்தை நிறுத்தி வைக்கலாம் என்று சொல்வது இதனால்தான். ஆனால் இது குலுக்கம் பற்றிய உண்மை. முறுக்கு வேறு சங்கதி.

ஈர வேட்டியைப் பிழியும்போது ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையைத் திருகுகிறோம் அல்லவா? கிராங்குக்கும் அதுவே நடக்கிறது. பின்முனையில் கனமான ஃப்ளைவீல் இருக்கிறது, அது எளிதில் அசையாது. முன்முனையில் புல்லி. நடுவில் ஆறு பிஸ்டன்கள் முறை வைத்து அறைகின்றன. ஒவ்வொரு அறைக்கும் கிராங்க் ஒரு டிகிரிக்கும் குறைவான அளவு முறுக்கிக்கொண்டு, உடனே திரும்பி, மறுபக்கம் கொஞ்சம் தாண்டிப் போய், மீண்டும் வருகிறது. நொடிக்குச் சில நூறு முறை. எஃகு என்றாலும் அது ஒரு வில்தான்.

இந்த ஆட்டம் அதிகமாக இருக்கும் இடம் மூக்கு, அதாவது புல்லி மாட்டியிருக்கும் முனை. ஃப்ளைவீல் பக்கம் ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. கிராங்க் எவ்வளவு நீளமோ அவ்வளவு எளிதாக முறுங்கும். ஆறு பேரை வரிசையாக நிறுத்திய கிராங்க், நான்கு பேரை நிறுத்தியதைவிட நீளம். ஆகவே எந்த அமைப்பு குலுக்கத்தில் மற்ற பலவற்றை வெல்கிறதோ, அதே அமைப்பு முறுக்கத்தில் பின்தங்குகிறது. நண்பர் முதல் பாதியைப் படித்துவிட்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டார்.

புல்லியில் இருக்கும் ரப்பரும் வெளி வளையமும் அழகுக்காக வைத்தவை அல்ல. கிராங்க் ஒரு பக்கம் முறுங்கும்போது கனமான வெளி வளையம் சற்றுப் பிந்தி நிற்கிறது. நடுவில் இருக்கும் ரப்பர் இழுபட்டு, அந்த ஆட்டத்தின் ஆற்றலை வெப்பமாக்கிவிடுகிறது. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு அந்த ரப்பர் சூடாக இருப்பதற்கு என்ஜின் சூடு மட்டும் காரணம் இல்லை.

4 பிப்ரவரி, சற்றுப் பின்

ஒரு திருத்தம். இந்தப் பாகத்தைப் பலர் 'ஹார்மோனிக் பேலன்சர்' என்கிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் சொன்னேன். ஆர்பி26-க்கு அது தவறான பெயர். இதன் கிராங்க் தன் எதிர் எடைகளாலேயே சமன்செய்யப்பட்டது, புல்லியில் சமன் எடை எதுவும் கிடையாது. ஷெவர்லே 400 போன்ற சில அமெரிக்க வி8 என்ஜின்களில் புல்லியில் உண்மையிலேயே ஒரு பக்கம் எடை வைத்திருப்பார்கள். இந்தப் பெயர்க் குழப்பத்தால்தான் 'சமநிலை உள்ள என்ஜினுக்கு பேலன்சர் எதற்கு' என்ற வாதம் பிறக்கிறது. டாம்பர், அதாவது அதிர்வைத் தணிப்பது, என்றே சொல்வோம்.

6 பிப்ரவரி

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு சூடு என்று கேட்டிருந்தார் ஒருவர்.

2016-இல் சிட்னியில் என் ஆர்32-ஐ வாங்கியபோது முன்னாள் உரிமையாளர் நீல வண்ண அலுமினியப் புல்லி போட்டிருந்தார். பார்க்க அழகாக இருந்தது. அலுமினிய வால்வ் மூடிகளுக்குக் கீழே நீலம் மின்னும். இரண்டு வருடம் சாலையில் ஓட்டினேன், ஒரு குறையும் இல்லை. அந்த இரண்டு வருடமும் கேட்டவர்களுக்கெல்லாம் 'எனக்கு ஒன்றும் ஆகவில்லை, தாராளமாகப் போடுங்கள்' என்று சொல்லியிருக்கிறேன். அது இப்போதும் என்னை உறுத்துகிறது.

2018 மார்ச்சில் சிட்னியின் ஈஸ்டர்ன் க்ரீக் பந்தயத் தடத்தில் ஒரு நாள் ஓட்டம். நான்காவது சுற்றாட்டம். நேர் ஓட்டத்தின் முடிவில் வரும் முதல் இடது வளைவை நல்ல வேகத்தில் எடுத்துவிட்டு வெளியே வந்தேன். எண்ணெய் அழுத்த முள் பூஜ்யத்தில் கிடந்தது. உடனே சாவியைத் திருப்பி அணைத்துவிட்டுப் புல்லில் உருண்டு நின்றேன். நான்கைந்து நொடிதான். அதற்குள் கம்பித்தடி (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டு) பேரிங்குகள் செம்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்துவிட்டன.

என்ஜினைப் பிரித்தபோது ஆயில் பம்ப்பின் உள் பல்சக்கரம் மூன்று துண்டாக உடைந்திருந்தது. துண்டுகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். முறிவு முகம் தானியம் தானியமாக, உடைத்த கற்கண்டு போல இருந்தது.

6 பிப்ரவரி, இரவு

பம்ப்புக்கும் புல்லிக்கும் என்ன உறவு என்று கேட்கிறார்கள். இதுதான் முழு விஷயத்தின் மையம், காலையிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஆர்பி26-ல் ஆயில் பம்ப் தனிச் சங்கிலியில் ஓடுவதில்லை. கிராங்கின் மூக்கில் இரண்டு பக்கம் தட்டையாகச் சீவியிருக்கும். பம்ப்பின் உள் பல்சக்கரம் நேராக அந்தத் தட்டைகள்மேல் உட்கார்ந்திருக்கும். அதாவது முறுக்கு ஆட்டம் உச்சத்தில் இருக்கும் அதே முனையில். கிராங்க் முன்னும் பின்னும் துடிக்கும்போது தட்டைகள் பல்சக்கரத்தைச் சுத்தியலால் தட்டுவதுபோல் தட்டுகின்றன. அந்தப் பல்சக்கரமோ உலோகப் பொடியை அழுத்திச் சுட்டுச் செய்தது. தேய்மானத்தைத் தாங்கும், தட்டலைத் தாங்காது. தட்டலைக் குறைக்க அங்கே இருக்கும் ஒரே காவலன் டாம்பர். அதைக் கழற்றிவிட்டு இரண்டு கிலோ மிச்சம் என்று மகிழ்ந்திருந்தேன்.

இன்னொன்று. ஆர்32-ன் ஆரம்பகால கிராங்குகளில் அந்தத் தட்டையின் நீளம் குறைவு, பல்சக்கரத்தின் விளிம்பை மட்டுமே பிடித்திருக்கும். பின்னால் வந்த ஆர்33 கிராங்குகளில் அகலமாக்கிவிட்டார்கள். உங்கள் கார் 1990 என்றால் குறுகலான வகைதான் இருக்கும். மூக்கில் ஒரு காலரை (உலோக வளையத்தை)ச் சூடாக்கி இறக்கித் தட்டையை நீட்டும் வேலையை ஆர்பி தெரிந்த பட்டறைகள் செய்வார்கள். என்ஜின் என்றைக்காவது வெளியே வந்தால் அதைச் செய்யாமல் திருப்பி வைக்காதீர்கள்.

7 பிப்ரவரி

'தட வளைவில் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும், அதனால்தான் அழுத்தம் போயிருக்கும்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆர்பி26-க்கு அந்த நோயும் உண்டு. அதிக சுற்றில் எண்ணெய் தலைப்பகுதியிலேயே தேங்கிவிடும், அடித்தொட்டி வற்றும். ஆனால் எண்ணெய் வற்றினால் பேரிங் போகும், பல்சக்கரம் மூன்றாக உடையாது.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். புல்லி மட்டுமே குற்றவாளி என்று நேற்று எழுதியதைவிட இன்று நிதானமாகச் சொல்கிறேன். குறுகிய தட்டை உள்ள கிராங்க், முப்பது வயதை நெருங்கிய பாகங்கள், அன்றைக்கு நான் மூன்று நான்கு முறை சுற்று வரம்பைத் தொட்டது எல்லாம் சேர்ந்துதான் உடைந்தது. வரம்பில் மின்பொறி வெட்டி வெட்டி வரும்போது கிராங்குக்கு விழும் அதிர்ச்சி சாதாரணமானது அல்ல. புல்லி செய்தது, இவை அனைத்துக்கும் நடுவில் இருந்த மெத்தையை உருவியது.

9 பிப்ரவரி

இப்போது கணக்கு. இரண்டு கிலோ குறைத்தால் உண்மையில் என்ன கிடைக்கும்? விளம்பரங்களில் குதிரைத்திறன் எண்ணைப் பார்த்துவிட்டு நானும் மயங்கியவன்.

சுழலும் எடையைக் குறைப்பது காரின் எடையைக் குறைப்பதற்குச் சமம், அந்தச் சமன் கியரைப் பொறுத்தது. ஆர்32 ஜிடி-ஆரின் முதல் கியர் 3.214, இறுதி விகிதம் 4.111. பெருக்கினால் 13.2. சக்கரத்தின் ஆரம் சுமார் 31 செ.மீ. புல்லியின் ஆரம் 7.5 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், இரண்டு கிலோவைக் குறைப்பது முதல் கியரில் காரிலிருந்து சுமார் 20 கிலோவை இறக்கி வைப்பதற்குச் சமம்.

10 பிப்ரவரி

நேற்றைய கணக்கில் பிழை. குறைத்த இரண்டு கிலோவும் புல்லியின் விளிம்பிலேயே இருந்ததாக எடுத்துக்கொண்டுவிட்டேன். திடமான வட்டு என்றால் அதில் பாதிதான் வரும். ஆக முதல் கியரில் 10 கிலோ. உண்மையான டாம்பரில் எடை வெளி வளையத்தில் அதிகம் என்பதால் பத்துக்கும் இருபதுக்கும் இடையில் எங்கோ இருக்கும். தாராளமாகவே 15 என்று வைப்போம்.

கார் 1430 கிலோ. முதல் கியரில் ஒரு சதவீதம். மூன்றாம் கியரில் (1.302) விகிதம் இருமடியாகக் குறைவதால், அந்தப் 15 கிலோ இரண்டரைக் கிலோவாகச் சுருங்கிவிடும். பின் இருக்கையில் கிடக்கும் தண்ணீர்ப் புட்டிகளை இறக்கி வைத்தால் அதே பலன். இதற்காகத்தான் அந்த ஆயில் பம்ப்பைப் பணயம் வைத்திருக்கிறேன்.

'டைனோவில் (என்ஜின் திறனை அளக்கும் கருவியில்) திறன் கூடியதைக் கண்ணால் பார்த்தேன்' என்பவர்களுக்கு: உருளையை வேகமாகச் சுழற்றி அளக்கும் டைனோவில், என்ஜின் தன் சொந்த எடையைச் சுழற்றச் செலவழிக்கும் ஆற்றலும் கணக்கில் சேரும். எடை குறைந்தால் எண் கூடும். அதே என்ஜினை ஒரே சுற்றில் நிறுத்திச் சுமையேற்றி அளந்தால் அந்தக் கூடுதல் மறைந்துவிடும். புல்லி எரிபொருளிலிருந்து எதையும் கூடுதலாகக் கறப்பதில்லை.

10 பிப்ரவரி, மாலை

விட்டம் குறைந்த புல்லி வேறு விஷயம். அதையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். சிறிய கிராங்க் புல்லி போட்டால் ஆல்டர்னேட்டர், தண்ணீர் பம்ப், பவர் ஸ்டியரிங் பம்ப் எல்லாம் மெதுவாகச் சுற்றும், அவை உறிஞ்சும் திறன் உண்மையாகவே குறையும். முழுநேரமும் 7000-க்கு மேல் ஓடும் பந்தய என்ஜினில் தண்ணீர் பம்ப்பை மெதுவாக்குவது நல்லதும்கூட. வேகம் மீறினால் பம்ப் தண்ணீரைத் தள்ளாமல் குமிழிகளைக் கிளப்பும்.

சாலைக் காருக்கு? என் நீலப் புல்லி விட்டத்திலும் சிறியது. ஜனவரி வெயிலில் பரமட்டா சாலையின் நெரிசலில், ஏ.சி.யும் முன்விளக்கும் போட்டு நின்றால் மின்னழுத்தம் 12.4 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். ஆர்பி26-ல் விசிறி தண்ணீர் பம்ப் தண்டிலேயே இருக்கிறது. ஆகவே பம்ப் மெதுவானால் விசிறியும் மெதுவாகும், நின்ற இடத்தில் சூடு ஏறும். ஆர்32-ல் பின்சக்கரத்தைத் திருப்பும் ஹைகாஸ் அமைப்பும் ஸ்டியரிங் பம்ப்பின் எண்ணெய் அழுத்தத்தில்தான் ஓடுகிறது. எல்லாவற்றுக்கும் தேவையான வேகத்தை யாரோ உட்கார்ந்து கணக்கிட்டுத்தான் அந்த விட்டத்தை வைத்திருக்கிறார்கள்.

13 பிப்ரவரி

'என் தம்பி நான்கு சிலிண்டர் ஹோண்டாவில் பத்து வருடமாக அலுமினியப் புல்லி போட்டு ஓட்டுகிறான், ஒன்றும் ஆகவில்லையே' என்கிறார் இன்னொருவர். நம்புகிறேன். எந்தக் கம்பிக்கும் ஒரு சொந்த ஒலி உண்டு. குட்டையான, தடித்த கிராங்கின் சொந்த அதிர்வெண் அதிகம். அந்த அதிர்வெண்ணை வலுவான அறைகளால் கிளப்ப வேண்டுமானால், அந்த என்ஜின் போகவே முடியாத சுற்றுக்குப் போக வேண்டியிருக்கும். எட்டக்கூடிய சுற்றில் வலுவற்ற அறைகள் மட்டுமே ஒத்திசையும். நீளமான கிராங்கில் நிலைமை வேறு.

உதாரணத்துக்கு ஒரு நேர்வரிசை ஆறின் கிராங்குக்கு நொடிக்கு 350 அதிர்வு சொந்த அதிர்வெண் என்று வைத்துக்கொள்ளுங்கள் (ஆர்பி26-ன் எண் என்று சொல்லவில்லை, விளங்கிக்கொள்ள ஒரு எண்). ஆறு சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு மூன்று வெடிப்பு. ஒரு சுற்றுக்கு மூன்று தட்டு என்றால், 350 தட்டு விழுவது நிமிடத்துக்கு 7000 சுற்றில். அந்தத் தட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் இருமடங்கு வேகத் துடிப்பு, அதாவது ஒரு சுற்றுக்கு ஆறு தட்டு, 3500 சுற்றில் ஒத்திசையும். ஒரு சுற்றுக்கு நாலரை என்ற வரிசையும் ஆறு சிலிண்டரில் வலுவானது, அது சுமார் 4670-ல் வரும். மூன்றுமே நாம் ஓட்டும் எல்லைக்குள் வந்துவிட்டன, அதிலும் மிக வலுவானது 7000-இல். தடத்தில் நாம் எங்கே வாழ்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

சாலையில் இரண்டு வருடம் எனக்கு ஒன்றும் ஆகாததற்கும் இதுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். அந்தச் சுற்றைத் தாண்டிப் போவேன், தங்கமாட்டேன். தடத்தில் தங்கினேன்.

13 பிப்ரவரி, இரவு

தலைப்பை விட்டு விலகி ஒரு சிறு செய்தி. இது இன்று நேற்று வந்த தொல்லை இல்லை. 1900-1910 பத்தாண்டின் நடுவில் ஆறு சிலிண்டர் கார்கள் வரத் தொடங்கியதுமே கிராங்குகள் முறிந்தன. ரோல்ஸ்-ராய்ஸின் 30 குதிரைத்திறன் ஆறு சிலிண்டர் காரும் அதில் அவதிப்பட்டது. ஹென்றி ராய்ஸ் கிராங்கின் முன்முனையில் வழுக்கும் சிறு சக்கரம் ஒன்றை வைத்து அதை அடக்கினார். ஃபிரெடரிக் லான்செஸ்டர் தன் டாம்பருக்கு 1910-இல் காப்புரிமை பெற்றார். எண்ணெய்க்குள் உராயும் தட்டுகள் அவருடையவை. நூற்றுப்பத்து வருடத்துக்கு முன் இரண்டு மேதைகள் மண்டையை உடைத்துக்கொண்டு முன்முனையில் வைத்த பாகத்தை, எடை அதிகம் என்று நாம் கழற்றுகிறோம்.

18 பிப்ரவரி

ஃப்ளைவீலை இலேசாக்கினாலும் இதே ஆபத்தா? இல்லை. முறுக்கு ஆட்டம் ஃப்ளைவீல் பக்கம் மிகக் குறைவு என்று மேலே எழுதினேன். அங்கே எடை குறைத்தால் தணிப்பு போவதில்லை, சொந்த அதிர்வெண் கொஞ்சம் நகரும், நின்ற ஓட்டம் (கார் நகராமல் என்ஜின் மட்டும் ஓடுவது) கரடுமுரடாகும். அத்துடன் ஃப்ளைவீலின் விட்டம் பெரியது, அங்கே குறைக்கும் ஒரு கிலோ புல்லியில் குறைக்கும் ஒரு கிலோவைவிடப் பல மடங்கு உணரப்படும். சட்டென்று சுற்று ஏற வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் காசை அங்கே போடுங்கள்.

25 பிப்ரவரி

சரி, எதைப் போடுவது? மூன்று வழி இருக்கிறது. நான் மூன்றையும் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன், ஓட்டியது இரண்டை.

முதலாவது, தொழிற்சாலை வகைப் புதிய டாம்பர். ஒட்டிய ரப்பர். 500 குதிரைத்திறனைக் கனவு காணாமல், அசல் கிராங்கும் அசல் சுற்று வரம்பும் வைத்து ஓட்டுபவருக்கு இது போதும். இதை நான் முன்பெல்லாம் மதிக்கமாட்டேன். இப்போது மனம் மாறிவிட்டது. அதன் ரப்பர் அந்த கிராங்குக்காகவே இசைவுபடுத்தப்பட்டது. குறை என்னவென்றால் ஒரு குறுகிய அதிர்வெண்ணைச் சுற்றித்தான் நன்றாக வேலை செய்யும். கிராங்க், கம்பித்தடி, பிஸ்டன் மாற்றினால் அதிர்வெண் நகர்ந்துவிடும். ரப்பருக்கும் வயதாகும். பயன்படுத்திய டாம்பரை மட்டும் வாங்காதீர்கள். முப்பது வருட ரப்பரை எடுத்துவிட்டு இன்னொரு முப்பது வருட ரப்பரைப் போட்டால் என்ன மாறும்?

இரண்டாவது, எலாஸ்டோமர் (ரப்பர் போன்ற பொருள்) வளையங்கள் உள்ள பந்தய டாம்பர். அமெரிக்காவின் ஏடிஐ, ஆஸ்திரேலியாவின் ராஸ் ஆகியோர் ஆர்பி-க்குச் செய்கிறார்கள். ஏடிஐ-யில் கனமான எஃகு வளையம் பல ரப்பர் வளையங்களின்மேல் ஒரு கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். பிரிக்கலாம், வளையங்களை மாற்றித் திரும்பப் பூட்டலாம், வளையத்தின் கடினத்தன்மையை மாற்றி வேறு என்ஜினுக்கு இசைவாக்கலாம்.

மூன்றாவது, பாகுநிலை டாம்பர். ஃப்ளூயிடாம்பர் இந்த வகை. மூடிய உறைக்குள் ஒரு எஃகு வளையம், சுற்றிலும் கெட்டியான சிலிகோன் திரவம். விளக்கெண்ணெயைவிடப் பல மடங்கு கெட்டி. கிராங்க் துடிக்கும்போது உள் வளையம் தன் போக்கில் சுழன்றுகொண்டே இருக்கும், இடையில் இருக்கும் திரவம் வழுக்கித் துடிப்பைத் தின்னும். எந்த அதிர்வெண்ணுக்கும் தனியாக இசைவாக்க வேண்டியதில்லை. பின்னால் என்ஜினை மாற்றிக்கொண்டே போகிறவர்களுக்கு இது வசதி. ஆனால் உறையில் ஒரு நசுங்கல் விழுந்தால் போச்சு. உள்ளே இடைவெளி மிகச் சிறியது, வளையம் சிக்கிக்கொண்டால் அது வெறும் கனமான புல்லிதான். பழுதுபார்க்கவும் வழியில்லை.

உருளைகள் ஆடும் ஊசல் வகையும் ஒன்று உண்டு, பெரும்பாலும் அமெரிக்க வி8-களில். நம் பேச்சுக்குத் தேவையில்லை.

டிராக் பந்தயத்துக்குப் போகிறவர்கள் எஸ்எஃப்ஐ 18.1 முத்திரையைப் பாருங்கள். அதிவேக சுழற்சியில் டாம்பர் சிதறாமல் இருப்பதற்கான தரம் அது. ஆனால் அந்த முத்திரை 'சிதறாது' என்றுதான் சொல்கிறது, 'உங்கள் கிராங்கின் முறுக்கத்தைத் தணிக்கும்' என்று சொல்லவில்லை. இந்த வேறுபாட்டை விற்பவர்கள் விளக்குவதில்லை.

26 பிப்ரவரி

நேற்று 500 குதிரைத்திறன் என்று கோடு போட்டது தவறு. முறுக்கதிர்வுக்குத் திறனைவிடச் சுற்று முக்கியம். 600 குதிரைத்திறனை 6800-க்குள் முடிப்பவரைவிட, 400-ஐ வைத்துக்கொண்டு 8500 வரை இழுப்பவருக்குத்தான் நல்ல டாம்பர் முதலில் தேவை. முதலில் கேளுங்கள்: எந்தச் சுற்றில் எவ்வளவு நேரம் நிற்கப்போகிறேன்? பிறகு விலைப்பட்டியலைத் திறங்கள்.

5 மார்ச்

பொருத்தும் முறை. இதில் கெடுத்தால் மேலே சொன்ன எதற்கும் பொருளில்லை.

பழையதைக் கழற்றும்போது இழுப்பானை வெளி வளையத்தில் மாட்டி இழுக்காதீர்கள், ரப்பர் கிழியும். நடு வட்டில் இருக்கும் துளைகளில் போல்ட் போட்டு இழுங்கள். புதியதைச் சுத்தியலால் அடித்து ஏற்றவே கூடாது. அடி டாம்பருக்கும் வலிக்கும், கிராங்கின் முன்பின் நகர்வைத் தாங்கும் பேரிங்குக்கும் வலிக்கும். நடு வட்டு இறுக்கமாக இருந்தால் வெந்நீரிலோ அடுப்பிலோ மிதமாகச் சூடாக்கி இறக்குங்கள். ரப்பரோ திரவமோ உள்ள பகுதியில் நெருப்பைக் காட்டக்கூடாது, ஆகவே நடு வட்டு தனியாகக் கழலும் வகைக்கு மட்டும்தான் இது.

மூக்கையும் வட்டின் உட்புறத்தையும் துணியால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் செய்யுங்கள். எண்ணெய்த் தடுப்பு வளையம் உரசும் பகுதியில் மட்டும் ஒரு பூச்சு எண்ணெய். நடு போல்ட்டைப் பட்டறைக் கையேடு சொல்லும் அளவுக்கே, அளவுகாட்டும் ஸ்பேனரால் இறுக்குங்கள். கிராங்கின் காடியில் உட்காரும் சிறு உலோகத் துண்டான சாவிதான் புல்லியைப் பிடித்து வைத்திருக்கிறது என்று நினைப்பது தவறு. அது இடத்தைக் காட்ட மட்டுமே. பிடித்து வைத்திருப்பது போல்ட்டின் இறுக்கம். அது தளர்ந்தால் சாவி நசுங்கும், காடி அகலும், பின்னால் இருக்கும் டைமிங் பல்சக்கரமும் ஆடத் தொடங்கும். அதன் முடிவு வளைந்த வால்வுகள்.

பெல்ட் நேராக ஓடுகிறதா என்று ஒரு நேர்கோலை வைத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் பெல்ட் கீச்சிடலாம்.

5 மார்ச், பிற்பகல்

கிராங்க் சென்சாருக்கான பல்வட்டம் சேர்ந்து வரும் டாம்பர் பற்றிக் கேட்டவருக்கு: பல்வட்டம் நடு வட்டில் பூட்டியிருக்க வேண்டும். ஆடும் வெளி வளையத்தில் இருந்தால், அந்த ஆட்டம் அப்படியே சிக்னலில் கலக்கும். வாங்குமுன் இதை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

19 மார்ச்

கேள்வி கேட்ட தம்பி படம் அனுப்பியிருக்கிறார். அவருடைய பழைய டாம்பரில் டைமிங் கோடுகள் வெளி வளையத்தில் இருக்கின்றன. பிளக்கைக் கழற்றி, முதல் பிஸ்டனைத் தடுப்பானால் நிறுத்தி, இரண்டு பக்கமும் சுற்றி உச்சப் புள்ளியைக் கண்டுபிடித்துப் பார்த்திருக்கிறார். கோடு ஆறு டிகிரி நகர்ந்திருக்கிறது.

இதை இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த என்ஜினுக்கு நின்ற ஓட்டத்தில் 20 டிகிரி முன்பொறி, அதாவது பிஸ்டன் உச்சியை எட்டுமுன் பொறி விழும் அளவு. நகர்ந்த கோட்டை நம்பி யாரோ விளக்கு வைத்து 20 என்று சரிசெய்திருந்தால், உண்மையில் 14 ஆகவோ 26 ஆகவோ இருக்கும். 26 என்றால் டர்போ அழுத்தத்தில் சிலிண்டருக்குள் எரிபொருள் தாறுமாறாக வெடிக்கும் தட்டல் வரும், பிஸ்டன் விளிம்பு உடையும். புதிய டாம்பர் போட்டதும் முதல் வேலை உச்சப் புள்ளியை மீண்டும் பார்த்து, பொறி நேரத்தைப் புதிதாக அமைப்பது.

பழைய டாம்பர் வைத்திருக்கும் எல்லோரும் ஒன்று செய்யுங்கள். நடு வட்டிலிருந்து ரப்பரைத் தாண்டி வெளி வளையம் வரை வெள்ளைப் பெயிண்டால் ஒரே கோடாக இழுங்கள். ஒரு மாதம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து நின்றால் ரப்பர் விட்டுவிட்டது. ஐந்து நிமிட வேலை.

20 மே

தம்பி புதிய தொழிற்சாலை வகை டாம்பரையே போட்டுவிட்டார். சாலையில்தான் ஓட்டுகிறார், 7000-க்கு மேல் போவதில்லை. சரியான முடிவு. மிச்சப் பணத்தைப் பம்ப்புக்கும் காலருக்கும் எடுத்து வைத்திருக்கிறார், குளிர்காலத்தில் என்ஜினை இறக்குகிறார்.

என் காரில் 2019 முதல் ஏடிஐ. பிரித்துப் புதுப்பிக்க முடியும் என்பதற்காக எடுத்தேன். தட நாட்கள் பதினொன்று முடிந்துவிட்டன. போன வாரம் எண்ணெய் மாற்றியபோது வடிகட்டியை அறுத்து மடிப்புகளை விரித்துப் பார்த்தேன், பளபளக்கும் துகள் எதுவும் இல்லை. அந்த நீலப் புல்லியை விற்கச் சொல்லி இரண்டு பேர் கேட்டார்கள். விற்கவில்லை, வாங்கியவர் அதை எங்காவது மாட்டிவிடுவார். உடைந்த பல்சக்கரத்தின் மூன்று துண்டுகளோடு பட்டறை அலமாரியில் இருக்கிறது.